பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கோவில் மணியோசையும் ஓங்காரமும் நினைவுக்கு வரும். அறிவியல் கூடத்தில் மின்தடையை அளக்கும்போது நாம் சொல்லும் ஓம் வேறு. அது ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர், மின்சாரம் ஒரு கம்பி வழியே எவ்வளவு பாயும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லலாம் என்று காட்டினார். அதற்காக அவர் இழந்தவை பல.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள எர்லாங்கன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை யோகான் வூல்ஃப்காங் ஓம், பூட்டும் சாவியும் செய்யும் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளுள் மூவரே பிழைத்தனர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயாரும் காலமானார்.

தந்தைக்கு முறையான கல்வி இல்லை. ஆயினும் அவர் தாமே நூல்களைத் தேடிப் படித்து, கணிதத்திலும் இயற்பியலிலும் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருந்தார். தம் மகன்களான ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் அவரே கணிதம் கற்பித்தார். பள்ளியில் மனப்பாடமே கல்வியாக இருந்த காலம் அது. சிறுவர்கள் சிந்திக்கக் கற்றது வீட்டில்தான். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இச்சிறுவர்களைச் சோதித்துப் பார்த்து, புகழ்பெற்ற பெர்னூலிச் சகோதரர்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். பட்டறையில் உலோகத்தை வெட்டவும் அராவவும் நுட்பமாகப் பொருத்தவும் ஜார்ஜ் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தவற்றுள் தந்தையின் கணிதம் பெரிதா, பட்டறைப் பழக்கம் பெரிதா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

1805ஆம் ஆண்டு ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் கவனம் சிதறியது. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுது போனது. தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குவதைக் கண்ட தந்தைக்குக் கடுங்கோபம். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806ஆம் ஆண்டு, பதினேழு வயதில், ஜார்ஜ் சுவிட்சர்லாந்திற்கு அனுப்பப்பட்டு ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். அங்கே மற்றவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே, லாங்ஸ்டார்ஃபின் அறிவுரைப்படி ஆய்லர், லாப்லாஸ் போன்றோரின் கணித நூல்களைத் தனியாகப் படித்தார். 1811ஆம் ஆண்டு எர்லாங்கனுக்குத் திரும்பி, அதே ஆண்டில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, நிலையான பதவி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்து வாழ்க்கை நடத்த முடியாமல், மூன்று பருவங்களில் விலகினார். அடுத்துப் பாம்பெர்க் நகரில் தரம் குறைந்த ஒரு பள்ளியில் வேலை. அந்தப் பள்ளியும் 1816ஆம் ஆண்டு மூடப்பட்டது. இந்தச் சூழலில் அவர் வடிவியல் பற்றி ஒரு நூல் எழுதி, அதைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பிவைத்தார். அந்நூல் பலன் தந்தது. 1817ஆம் ஆண்டு கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்கு வந்து சேர்ந்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதுவே அவர் வாழ்வைத் திருப்பியது.

அக்காலத்தில் மின்சாரம் பற்றி அறிந்தவை கொஞ்சமே. வோல்டா உருவாக்கிய மின்கல அடுக்கு 1800ஆம் ஆண்டு முதல் அறிஞர்களின் கைகளில் இருந்தது. மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்பதை 1820ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஊர்ஸ்டெட் கண்டறிந்தார். நீளமான கம்பியில் மின்சாரம் வலுக்குறைந்து பாய்கிறது என்பதையும் பலர் கவனித்திருந்தனர். எவ்வளவு குறைகிறது? இதற்கு யாரிடமும் உறுதியான கணக்கு இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் அன்று இல்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றும் தனித்தனிக் கருத்துகளாகப் பிரிந்திருக்கவும் இல்லை.

ஓம் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்துகொண்டார். மெல்லிய உலோக இழை ஒன்றில் காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அதை மின்சுற்றின் கடத்திக்கு மேல் நிறுத்தினார். மின்னோட்டம் பாயும்போது ஊசி விலகும். அதைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர, தொங்கும் இழையை மேலிருந்து முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு வலுவான மின்னோட்டம் பாய்கிறது என்று பொருள். பூட்டுத் தொழிலாளியின் மகனுக்கு இத்தகைய கருவியைச் செய்வது புதிதன்று.

முதல் சோதனைகளில் அவர் மின்கலத்தைப் பயன்படுத்தினார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கிடைத்த எண்களுக்கு ஏற்ப, மடக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒரு வாய்பாட்டை அமைத்து 1825ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்த வாய்பாடு தவறு.

தவற்றுக்குக் காரணம் மின்கலம். அக்கால மின்கலங்கள் இணைத்த கணத்தில் வலுவாகவும் சற்று நேரத்தில் சோர்ந்தும் போகும். அளவுகோலே நீண்டும் சுருங்கியும் கொண்டிருந்தால் துணியின் நீளத்தை எப்படி அளப்பது? கம்பியால் வந்த மாற்றம் எது, மின்கலத்தால் வந்த மாற்றம் எது என்று அந்தச் சோதனையில் பிரித்தறிய இயலவில்லை. தாம் அச்சிட்டு வெளியிட்ட ஒன்றைத் தாமே தவறென ஏற்பது எந்த ஆய்வாளருக்கும் எளிதன்று. பல்கலைக்கழகப் பதவிக்காகக் காத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது இன்னும் கடினமாக இருந்திருக்கும். ஓம் அந்த வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அறிவியல் இதழின் ஆசிரியராக இருந்த பொகன்டார்ஃப், மின்கலத்திற்குப் பதிலாக வெப்ப மின்னிணையைப் பயன்படுத்துமாறு யோசனை கூறினார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் பாயும். இது சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டறியப்பட்டிருந்தது. ஓம் பிஸ்மத் உலோகத் துண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பைப் பொருத்தினார். ஒரு முனை கொதிநீரில். மறு முனை பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வரையிலும் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் வரையிலும் இவற்றின் வெப்பநிலை மாறாது. எனவே, சுற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் மாறாது. நீண்டு சுருங்காத அளவுகோல் அவருக்குக் கிடைத்துவிட்டது.

1826ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 2 அங்குலக் கம்பிக்கு முறுக்கின் அளவு ஏறத்தாழ 327 வந்தது. 34 அங்குலத்திற்கு 134½. 130 அங்குலத்திற்கு 48½. எண்கள் குறைந்துகொண்டே போயின. ஆனால் நீளம் இரு மடங்கானால் அளவு சரியாகப் பாதியாகவில்லை. 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலத்திற்குப் போனபோது 327 என்பது 301 ஆகத்தான் குறைந்தது. ஏன்?

சுற்றில் இருப்பது அந்தச் செம்புக் கம்பி மட்டுமன்று. பிஸ்மத் துண்டும் இணைப்புகளும்கூட மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. அவை அனைத்தின் தடையும் சேர்ந்து, 20¼ அங்குலச் செம்புக் கம்பியின் தடைக்குச் சமம் என்று ஓம் கண்டார். இப்போது கணக்கைப் பாருங்கள். கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்ட வேண்டும். 7,285 என்னும் எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 34 அங்குலக் கம்பியென்றால் 7,285 ÷ 54.25; விடை ஏறத்தாழ 134.3. கருவி காட்டியது 134½. 130 அங்குலக் கம்பியென்றால் 7,285 ÷ 150.25, விடை ஏறத்தாழ 48.5. கருவி காட்டியதும் அதுவே. கணிப்பானை எடுத்து மற்ற நீளங்களுக்கும் நீங்களே செய்து பார்க்கலாம்.

ஓம் அதோடு நிற்கவில்லை. கொதிநீரை நீக்கி, இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்து மீண்டும் அளந்தார். 7,285 என்ற இடத்தில் இருந்த எண் சிறியதாயிற்று. 20¼ அப்படியே இருந்தது. இதுதான் அவரது கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்று சொல்லலாம். மின்சாரத்தைத் தள்ளும் ஆற்றல் ஒன்று. அதைத் தடுக்கும் தன்மை வேறொன்று. முன்னது மாறினாலும் பின்னது மாறுவதில்லை. கலந்து கிடந்த இரண்டும் அன்று பிரிந்து நின்றன.

இன்று நாம் இதை எளிதாகச் சொல்கிறோம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் இணைத்த இஸ்திரிப் பெட்டியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், அதன் மின்தடை 230 ÷ 5, அதாவது 46 ஓம். கம்பி அதிகம் சூடேறினால் மின்தடையும் ஓரளவு மாறும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

சோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓம் ஒரு பெரிய முயற்சியில் இறங்கினார். வெப்பம் ஒரு பொருளின் வழியே எவ்வாறு பரவுகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822ஆம் ஆண்டு கணிதத்தால் விளக்கியிருந்தார். மின்சாரமும் அதுபோலவே பரவுகிறது என்று கொண்டு, முழுமையான ஒரு கொள்கையை உருவாக்க ஓம் விரும்பினார். அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினுக்குச் சென்றார். அங்கிருந்த தம்பி மார்ட்டினும் அப்போது ஒரு கணித அறிஞர். 1827ஆம் ஆண்டு, மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் நூல் வெளிவந்தது. அந்நூல் தமக்கு ஒரு பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத்தரும் என்பது அவர் நம்பிக்கை. வடிவியல் நூல் ஒருமுறை வாழ்வளித்ததல்லவா?

இம்முறை அப்படி நடக்கவில்லை. இயற்பியல் என்பது சோதனைகளை விவரிப்பதே என்று எண்ணியவர்களுக்கு அந்நூலின் கணிதம் பிடிக்கவில்லை. இயற்கையைத் தத்துவத்தால் விளக்க முனைந்தவர்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தோன்றியது. பேராசிரியர் ஒருவர் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கல்வித் துறையில் செல்வாக்குடையவர்களும் ஆதரிக்கவில்லை. இதில் ஓமுக்கும் சிறிது பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. ஓராண்டுக்கு முன் செய்த அருமையான சோதனைகளை நூலின் முன்னே நிறுத்தாமல், கணிதத்தையே அவர் முன்னிறுத்தினார். கொதிநீரும் பனிக்கட்டியும் எட்டுக் கம்பிகளும் வாசகர் கண்ணில் பட்டிருந்தால், அத்தனை எளிதாகக் கற்பனை என்று ஒதுக்கியிருக்க முடியாது.

மனமுடைந்த ஓம் 1828ஆம் ஆண்டு கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 39. பெர்லினில் தங்கி, இராணுவப் பள்ளி ஒன்றில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்துக் காலந்தள்ளினார். நல்ல ஆய்வுக்கூடம் கைவிட்டுப் போனது. அவருடைய சிறந்த ஆய்வு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டிய காலம் இவ்வாறு கழிந்தது. 1833ஆம் ஆண்டுதான் நூரம்பெர்க் நகரின் பல்தொழிற்கல்விப் பள்ளியில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

இதற்கிடையே அவரது விதி மெல்ல மெல்லத் தன் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. லைப்சிக் நகரில் ஃபெக்னர் என்பவர் பல சோதனைகளைச் செய்து அதை உறுதிப்படுத்தினார். பிரான்ஸில் பூயே தம் சோதனைகளால் அதே முடிவுக்கு வந்தார். 1830களின் இறுதியில் தந்தி பிறந்தது. நெடுந்தூரம் கம்பி இழுத்துச் செய்தி அனுப்ப முனைந்தவர்களுக்குத் தத்துவ வாதங்களால் பயனில்லை. எத்தனை மைல் கம்பிக்கு எத்தனை மின்கலங்கள் வேண்டும் என்ற கணக்கே தேவைப்பட்டது. அக்கணக்கு ஓமிடம் இருந்தது. தந்தியின் முன்னோடிகளுள் ஒருவரான வீட்ஸ்டன் 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓமின் விதியை எடுத்துரைத்து, மின்தடையை நுட்பமாக அளக்கும் முறையையும் விளக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1841ஆம் ஆண்டு, இலண்டன் அரச கழகம் தனது மிக உயர்ந்த விருதான கோப்லி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியிருந்தது. சொந்த நாடு முகம் சுளித்த நூலுக்கு அயல்நாட்டில் கிடைத்த மதிப்பு அது. பவேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக ஏற்றது 1845ஆம் ஆண்டில்.

அதே 1841ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்கு அருகே வாழ்ந்த ஜூல் என்ற இளைஞர், மின்சாரம் பாயும் கம்பி எவ்வளவு சூடாகும் என்பதற்குக் கணக்கு வகுத்தார். மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, பிறகு மின்தடையால் பெருக்க வேண்டும். ஓமின் விதியோடு இதைச் சேர்த்தால், நாம் வாட் என்னும் அலகில் சொல்லும் மின்திறன் கிடைத்துவிடும். முன்பு சொன்ன இஸ்திரிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 5 × 5 × 46 என்றால் 1,150 வாட். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரடியாகப் பெருக்கினாலும், 230 × 5, அதே 1,150 வாட். இரண்டு வழியும் ஒரே விடைக்கு வருவது தற்செயல் அன்று. இடையில் நிற்பது ஓமின் விதி. அதே பெட்டியை 115 வோல்ட்டில் இணைத்தால் மின்தடை 46 ஓம்தான் என்று கொள்வோம். மின்னோட்டம் 2.5 ஆம்பியராகப் பாதியாகும். மின்திறனோ 287.5 வாட், அதாவது கால்பங்கு. பாதி மின்னழுத்தத்தில் பாதிச் சூடாவது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

நூரம்பெர்க்கில் ஓம் ஒலி பற்றியும் ஆராய்ந்தார். ஆனாலும் இளமையிலிருந்து அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி எட்டாமலே இருந்தது. 1849ஆம் ஆண்டு மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்த இயற்பியல் கருவிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1852ஆம் ஆண்டு மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓமுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் கேவண்டிஷ் இதே உறவைக் கண்டிருந்தார். கருவி இல்லாததால் தம் உடலையே கருவியாக்கி, உடலில் பட்ட அதிர்ச்சியின் வேகத்தைக் கொண்டு மின்சாரத்தை மதிப்பிட்டார் அவர். முடிவுகளை எழுதி வைத்தாரே தவிர வெளியிடவில்லை. 1879ஆம் ஆண்டு மாக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. அதற்குள் அந்த விதி ஓமின் பெயரால் பாடநூல்களில் ஏறிவிட்டது.

1860களில் பிரிட்டனில் அமைந்த ஓர் அறிவியல் குழு மின்தடைக்குப் பொதுவான அலகு ஒன்றை வகுத்தது. அதற்கு ஓமின் பெயர் வழங்கலாயிற்று. 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை உலகப் பொது அலகுகளாக ஏற்றது. எழுதும்போது கிரேக்க எழுத்தான ஒமேகாவை அதன் குறியாகப் பயன்படுத்துகிறோம்.

அந்த மாநாட்டுக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஓமின் கணக்கு நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. 1870ஆம் ஆண்டை ஒட்டி, சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அக்காலக் கடலடிக் கம்பிகளின் செம்பைச் சுற்றி, மின்சாரம் கடலில் கசியாதபடி, மலாயாக் காடுகளின் மரங்களிலிருந்து எடுத்த கெட்டாபெர்ச்சாப் பாலைப் பூசினர். இத்தகைய கம்பி நடுக்கடலில் பழுதானால் எங்கே போய்த் தேடுவது? கரையில் இருந்தபடியே கம்பியின் மின்தடையை அளந்தனர். ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கருவி 900 ஓம் காட்டினால் பழுது 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். பழுது பார்க்கும் கப்பல் அந்தத் தொலைவைக் கணக்கிட்டுக்கொண்டு புறப்படும்.